பதினொரு சென்டிமீட்டர் ஆழத்தில் அம்மன்

பாலோவில் கார் நிறுத்த இடம் இல்லை என்று சொன்னால் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் இரண்டு வரிசைக் கடை, அவ்வளவுதான் ஊர். ஆனால் போன ஆண்டு தைப்பூசம் முடிந்த கையோடு அங்கேயும் இடம் கிடைக்காமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே குளுவாங்கிலிருந்து வந்தார்கள், ஜொகூர் பாருவிலிருந்து வந்தார்கள். சிங்கப்பூர் நம்பர் பிளேட் போட்ட கார்கூட மூன்று நின்றது. மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று பேச்சு.

பார்க்க இருபத்திரண்டு படி ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, மூச்சு வாங்க ஏறினார்கள். முட்டி வலியைத் தீர்க்கிற அம்மன் ஏன் கீழ்த்தளத்தில் கடை எடுக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மேல்மாடி வாடகை குறைவு என்பது அம்மனுக்கும் தெரிந்திருக்கும்.

மேலே இருந்தவர் சுகுமாறன் சாமி. நாற்பத்தைந்து வயது, காவி ஜிப்பா, கையில் ஸ்மார்ட் வாட்ச். மூன்று வருஷத்துக்கு முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவர். மற்ற சாமியார்கள் குறி சொல்வார்கள், எலுமிச்சம்பழம் உருட்டுவார்கள், மீறிப் போனால் சாட்டையால் அடிப்பார்கள். இவர் காலத்துக்கேற்ற சாமி. ஸ்கேன் எடுத்தார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அறை நடுவில் நிஜமான ஸ்கேன் மெஷின் ஒன்று நின்றது. அதன் விசைப்பலகைப் பகுதி முழுக்க மஞ்சள் பட்டுத் துணி போட்டு மூடியிருந்தது. அம்மன் உட்கார்ந்திருக்கும் இடம், கண்ணால் பார்க்கக் கூடாது. சாமியின் இடது கை மட்டும் துணிக்குள் இருக்கும், அம்மன் பாதத்தைப் பிடித்தபடி. வலது கையில் மெஷினோடு வயரால் இணைத்த கருவி. வயிற்றில் குளுகுளுவென்று பசையைத் தடவி அந்தக் கருவியை வைத்ததும், சுவரில் மாட்டிய பெரிய டிவியில் உள்ளுறுப்பு சாம்பல் நிறத்தில் தெரியும். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பசு மாட்டுப் படம் இருக்கும். காமதேனு. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எல்லோரும் படுப்பார்கள்.

"தெரியுதா?" என்பார் சாமி. "மேல சாம்பல் கலரு. அது உன் சதை. கீழ இருட்டு. அது உன் சதை இல்ல."

படுத்திருப்பவர் பார்ப்பார். மேலே சாம்பல், கீழே கும்மிருட்டு. யாருக்குத்தான் பயம் வராது?

"எவ்வளவு ஆழத்துல வெச்சிருக்கானுங்க பாரு" என்று சாமி வருத்தப்படுவார். திரையின் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடு இருக்கும். காணிக்கை அந்தக் கோட்டின்படிதான். மூன்று சென்டிமீட்டர் வரை செய்வினைக்கு நூற்றொரு மலேசிய வெள்ளி, அதற்குக் கீழே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஐம்பத்தொன்று. கிணறு வெட்டுகிறவர்களும் இப்படித்தான் வாங்குவார்கள். ஆழம் கூடினால் வேலை கூடுகிறதே, நியாயம்தானே என்று பக்தர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு மந்திரம். பாட்டுச் சத்தம் ஏறும். மணி அடிக்கும். எல்லோர் கண்ணும் டிவியில் இருக்கும்போது, திரையில் அந்த இருட்டு மெல்ல மெல்ல விலகும். மேலிருந்து கீழாக வெளிச்சம் இறங்கும். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். படுத்திருப்பவர் எழுந்து, வலி பாதி குறைந்துவிட்டது என்று சொல்லி, மீதிப் பாதியோடு இருபத்திரண்டு படி இறங்குவார்.

அந்தப் பாட்டுச் சத்தத்தை ஏற்றி இறக்கியவர்தான் காளியப்பன்.

முப்பது வருஷமாக 'காளியப்பன் சவுண்ட் சர்வீஸ்' என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, தேர்தல், எதுவானாலும் அவர் லாரிதான் வரும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேல் விரலை வைத்தால் போதும், எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது, எந்த மைக் செத்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்பேர்ப்பட்ட காது. அந்தக் காது இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் அவர் அந்த மாடிப்படியின் கீழே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டார். பெட்டி, மைக், மிக்ஸர் எல்லாம் சாமிக்கு இலவசம். டிவிக்கு வயர் இழுத்துக் கொடுத்ததுகூட அவர்தான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மனைவி செல்வராணிக்கு நான்கு மாதமாக அடிவயிற்றில் வலி. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் நீர்க்கட்டி, பதினொரு சென்டிமீட்டர் பெரிது என்றார்கள். முறுக்கிக்கொண்டால் ஆபத்து, தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லி ஓப்பரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். காளியப்பனின் அக்கா ஒருத்தி சின்ன ஓப்பரேஷன் என்று உள்ளே போய் வெள்ளைத் துணியில் வெளியே வந்தவள். அன்றிலிருந்து அவருக்குக் கத்தி என்றாலே உடம்பு நடுங்கும். செல்வராணி இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயந்த மனிதனுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் நுழைவான். சாமி கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

மூன்று ஞாயிறு செல்வராணியைப் படுக்க வைத்தார்கள். முதல் ஞாயிறு கறுப்பாக ஓர் உருண்டையும் அதற்குக் கீழே இருட்டும் தெரிந்தது. பதினொரு சென்டிமீட்டர் ஆழம் என்று கணக்குச் சொன்னார் சாமி. இரண்டாம் ஞாயிறு இருட்டு பாதி விலகியது. மூன்றாம் ஞாயிறு அதிசயம் நடந்தது. கறுப்பு உருண்டைக்கு நேர் கீழே, நிலா வெளிச்சம் மாதிரி பளீரென்று ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியது. சுற்றியிருந்த சதையைவிட அது பிரகாசமாக இருந்தது.

சாமியே ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு சுதாரித்துக்கொண்டு காளியப்பனின் தோளைப் பிடித்தார். "ஆத்தா இறங்கிட்டா. அந்தக் கறுப்பு உருண்டை கட்டி இல்லப்பா, கர்ப்பக்கிரகம். கர்ப்பக்கிரகம் இருட்டாத்தானே இருக்கும்? கீழ பாரு, அவ வெளிச்சம். இதுல கத்தி வெச்சா தெய்வக் குத்தம்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராஜம்மா செல்வராணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ராஜம்மா குளுவாங்கிலிருந்து எல்லா ஞாயிறும் முதல் ஆளாக வருகிறவர். அம்மனைச் சுமக்கிற வயிறு என்று கேள்விப்பட்டு இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். செல்வராணி சேலையைச் சரிசெய்துகொண்டார். அம்மன் உள்ளே இருக்கிறாளோ இல்லையோ, வலி இருந்தது.

ஓப்பரேஷன் அதற்கடுத்த வாரம் புதன்கிழமை. வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்துவிடலாம் என்றார் காளியப்பன்.

"அதுக்கு முன்னாடி கஸ்தூரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாங்க" என்றார் செல்வராணி.

கஸ்தூரி செல்வராணியின் தங்கை. பெர்மாஸ் ஜெயாவில் வீடு. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக அவள் செய்கிற வேலை ஸ்கேன் எடுப்பது. சொந்த மச்சினி ஸ்கேன் எடுக்கிறவளாக இருக்கும்போது காளியப்பன் ஏன் தண்ணீர் வடிகட்டி விற்றவரிடம் போனார் என்று கேட்பீர்கள். கஸ்தூரி வேலை செய்யும் அறையில் மணி அடிப்பதில்லை. சாம்பிராணி போடுவதில்லை. அப்புறம் எப்படி நம்பிக்கை வரும்?

சனிக்கிழமை மத்தியானம் கஸ்தூரி வந்தாள். காளியப்பன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த அம்மன் வெளிச்சத்தைக் காட்டினார். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மூலையில் இருந்த பசுவையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்லா விழுந்திருக்கு மாமா" என்றாள்.

"பார்த்தியா? நீயே சொல்லிட்ட."

"கட்டிக்குள்ள தண்ணி இருக்குன்னு இதைவிடத் தெளிவா காட்ட முடியாது. ஆஸ்பத்திரியில சொன்னது சரிதான். புதன்கிழமை அக்கா போகணும்."

"அது தண்ணி இல்ல கஸ்தூரி. ஆத்தா."

கஸ்தூரி வாக்குவாதம் செய்யவில்லை. நம்புகிற ஆளிடம் வாக்குவாதம் செய்தால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்பது அவள் அனுபவம். நேரே சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கடற்பாசி ஜெல்லி செய்கிற அகார் அகார் பொட்டலம் நாலைப் பிரித்துப் போட்டாள். சோளமாவு கரைத்து ஊற்றினாள். மலச்சிக்கலுக்கு வைத்திருந்த இசப்கோல் உமியையும் கைநிறைய அள்ளிப் போட்டாள். சர்க்கரை போடவில்லை. கூழ் மாதிரி ஆனதும் பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் பாதிக்கு ஊற்றி ஆறவைத்தாள். சிவப்பு ரோஜா சிராப் பானத்தைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் காற்றுக் குமிழி இல்லாமல் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். அதை நடுவில் வைத்து மேலே மீதியை ஊற்றினாள்.

"என்ன பலகாரம் இது?" என்றார் காளியப்பன்.

"நாளைக்கு உங்க சாமிக்கு. நான் இதை அவர் முன்னால வெச்சு உள்ள என்ன இருக்குன்னு மட்டும்தான் கேப்பேன். ஒரு பொய் சொல்ல மாட்டேன். அவர் இது அகார் அகார், உள்ள சிராப்னு சொல்லிட்டாருன்னா ஆஸ்பத்திரிக்கு நானே ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்றேன். சொல்லலன்னா அக்கா புதன்கிழமை போறாங்க. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

காளியப்பன் சிரித்தார். மனிதர் வயிற்றுக்குள்ளே பதினொரு சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதைப் பார்த்தவருக்கு ஐஸ்கிரீம் டப்பா ஒரு கேள்வியா? சரி என்று கையடித்துக் கொடுத்தார்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. மாலையில் வாசலுக்குப் போய்ச் சாமியின் நம்பரை எடுத்தார். இன்ன மாதிரி, நாளைக்கு ஒரு டப்பா வருது, என்று ஒரு வார்த்தை காதில் போட்டு வைத்தால் என்ன? விரல் நின்றது. நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் அவர் என்ன சாமி? நான்கு மாதத்தில் அவர் தலைக்குள் ஓடிய முதல் கேள்வி அது. பழக்கமில்லாததால் கொஞ்சம் வலித்தது. கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

ஞாயிறு காலை மாடியில் நிற்க இடமில்லை. செல்வராணி ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். காளியப்பன் மிக்ஸர் முன்னால். கஸ்தூரி டப்பாவைத் துணியில் சுற்றி வரிசையில் வந்து சாமி முன்னால் வைத்தாள்.

"இது என் அக்கா வீட்டுச் சமையலறையில இருந்தது சாமி. உள்ள என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

சொன்னது அத்தனையும் உண்மை. கூட்டம்தான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. "அலமாக், ஐயையோ, வீட்டுக்குள்ளயே வெச்சிட்டானுங்களா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். சாமியின் கண் அகலமாயிற்று. துணியைப் பிரித்ததும் டப்பாவுக்குள் கிடந்ததோ பழுப்பு நிறத்தில், புள்ளிபுள்ளியாக, ஆடிக்கொண்டிருந்தது. செய்வினை என்று ஒன்று இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

சாமி பசையைத் தடவினார், கருவியை வைத்தார். டிவியில் மேலே சாம்பல், கீழே இருட்டு, நடுவில் கறுப்பாக ஓர் உருண்டை.

காளியப்பன் காத்திருந்தார். இதோ சிரிக்கப் போகிறார். இதோ, ஏம்மா என்னைச் சோதிக்கிறியா என்று கேட்கப் போகிறார்.

"அடப் பாவிகளா" என்றார் சாமி மெதுவாக. "ஒரு உசுரை உள்ள கட்டி வெச்சிருக்காங்கம்மா. கன்னி கழியாத பொண்ணு. முடியும் நகமும் தெரியுது பாரு. ஒன்பது சென்டிமீட்டர் ஆழம்."

காளியப்பன் டப்பாவையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளிய எடுக்க முடியுமா சாமி?" என்றாள் கஸ்தூரி.

"ஆத்தா இருக்கும்போது என்ன பயம்? காளி, பாட்டை ஏத்து."

காளியப்பனின் விரல் தானாக மிக்ஸரில் நகர்ந்தது. மந்திரம், மணி, சாம்பிராணி. டிவியில் இருட்டு கீழே கீழே விலகியது. சிராப் பைக்கு நேர் கீழே, போன ஞாயிறு செல்வராணியின் வயிற்றில் இறங்கிய அதே வெள்ளை வெளிச்சம் பளீரென்று இறங்கியது. கூட்டம் கைகூப்பியது. ராஜம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆத்தா வந்துட்டா" என்றார் சாமி. "அந்தப் பொண்ணு சாந்தியாயிட்டா."

கஸ்தூரி கைப்பையிலிருந்து பழம் வெட்டும் கத்தியை எடுத்தாள். டப்பாவைக் கவிழ்த்து, கேக் வெட்டுவது போல வெட்டினாள். சிவப்புப் பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒரு வாய் குடித்தாள்.

"சிராப்" என்றாள். "இது அகார் அகார். நேத்து நான்தான் செஞ்சேன். மாமா பக்கத்துலயே இருந்தாரு. யாருக்காவது வேணுமா? சர்க்கரை மட்டும் இல்ல."

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நம் ஜனங்களை நீங்கள் சாதாரணமாக எடை போட்டுவிட்டீர்கள்.

சாமி கண்ணை மூடித் திறந்தார். "ஆத்தா சிராப்லயும் இருப்பா" என்றார்.

"அதானே" என்றார் ராஜம்மா. "அவ எங்கதான் இல்ல?" கூட்டம் தலையாட்டியது. சிலர் அகார் அகார் துண்டைப் பிரசாதமாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் சாப்பிட்டும் விட்டார்.

கஸ்தூரி கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். கோபம் வந்திருந்தால் அது முகத்தில் தெரியவில்லை. மிச்சம் இருந்த பெரிய துண்டை எடுத்துச் சாமி முன்னால் வைத்தாள்.

"சரி சாமி, வெளிச்சம் ஆத்தாவோடது. இருட்டு செய்வினை. அதை ஓட்டறது மந்திரம். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப இன்னொரு தடவை இருட்டை வரவழைங்க. வந்ததும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்குங்க. கருவியை நான் பிடிக்கிறேன். மந்திரம் மட்டும் சொல்லுங்க."

சாமி சுற்றிலும் பார்த்தார். கூட்டம் ஆவலோடு பார்த்தது. கை தூக்கினால் அற்புதம் இன்னும் பெரிதாக இருக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. வேறு வழியில்லை. துணிக்குள் அவர் இடது கை அசைந்தது. திரையில் கீழ்ப்பாதி இருண்டது. சாமி இரண்டு கையையும் தூக்கினார், மந்திரம் சொன்னார். இருட்டு அப்படியே இருந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னார். மணியடித்தார்கள். பாட்டும் ஏறியது. அம்மனுக்கு அன்று காது கேட்கவில்லை.

"கூட்டத்துல தீட்டு இருக்கு" என்றார் சாமி. நெற்றி வேர்த்திருந்தது.

அப்போதுதான் காளியப்பன் மிக்ஸரை விட்டு எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மெஷின் பக்கத்தில் நின்று, மஞ்சள் பட்டுத் துணியை உருவினார். சாமி தடுக்கப் பார்த்தார். கை இரண்டும் மேலே இருந்ததால் நேரமாகிவிட்டது.

அடியில் அம்மன் இல்லை. பாதமும் இல்லை. ஓரத்தில் எட்டுச் சின்னப் பிடிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. மேலே மூன்று நடுவில் நின்றன. கீழே ஐந்தும் இடது ஓரத்துக்குத் தள்ளியிருந்தன. காளியப்பன் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பது வருஷமாக அவர் விரல் நகர்த்துவதும் அதே பிடிகள்தான். மிக்ஸரில் நெட்டுக்கு இருக்கும், இதில் குறுக்கே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விரலை வைத்து ஐந்தையும் வலப்பக்கம் தள்ளினார். மந்திரம் இல்லை, மணி இல்லை. டிவியில் இருட்டு விலகி வெளிச்சம் வந்தது. இடப்பக்கம் இழுத்தார். இருட்டு. தள்ளினார். வெளிச்சம்.

"வால்யூம்" என்றார் காளியப்பன். "வெறும் வால்யூம் லா இது."

"வால்யூம்தான் மாமா" என்றாள் கஸ்தூரி. கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னாள். "இந்தக் கருவி உடம்புக்குள்ள ஒரு சத்தத்தை அனுப்புது. நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள பட்டுத் திரும்பி வர எதிரொலியை வெச்சுத்தான் படம் போடுது. கிட்ட இருந்து வரது சீக்கிரம் வரும், பலமா வரும். ஆழத்துல இருந்து வரது லேட்டா வரும். போகும்போதும் வரும்போதும் சதை உறிஞ்சிடறதால ரொம்ப மெலிஞ்சு போய் வரும். மாமா, ஹால்ல கடைசி வரிசையில இருக்கவங்க பேசறது மேடைக்குக் கேக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"பின்வரிசை மைக்கை ஏத்துவேன்."

"அதையேதான் இதுவும் பண்ணுது. லேட்டா வர எதிரொலியைக் கூட்டிக் கூட்டி ஏத்தும். எட்டுப் பிடி, எட்டு வரிசை. ஏத்தி வெச்சாத்தான் மேலயும் கீழயும் ஒரே சதை ஒரே கலரா தெரியும். கீழ்வரிசையை இறக்கிட்டா எல்லாருக்கும் அடியில இருட்டுதான். உங்களுக்கும் இருட்டு, எனக்கும் இருட்டு, சாமிக்கும் இருட்டு."

"அப்ப அந்த வெளிச்சம்?" என்று கேட்டது செல்வராணி. அந்த மாடியில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

கஸ்தூரி அக்காவைப் பார்த்தாள். பதிலைக் காளியப்பனிடம் கேள்வியாகவே கேட்டாள். "ஹால்ல நடுவுல நாலு வரிசை காலி. சத்தத்தை உறிஞ்ச ஆளே இல்ல. நீங்க அது தெரியாம பின்வரிசை மைக்கை வழக்கம்போல ஏத்தி வெச்சிருக்கீங்க. பின்னால ஒருத்தர் பேசினா?"

"காது கிழியும்" என்றார் காளியப்பன்.

"தண்ணியில சத்தம் அவ்வளவா குறையாது மாமா. காலி வரிசை மாதிரி. மெஷினுக்கு அது தெரியாது, குறைஞ்சிருக்கும்னு நெனைச்சு வழக்கம்போல ஏத்தும். அதனால தண்ணிக்குப் பின்னால இருக்கிற சதை மட்டும் பளீர்னு தெரியும். சிராப்புக்குப் பின்னாலயும் அதுதான். அக்கா கட்டிக்குப் பின்னாலயும் அதுதான். ஆத்தா வரல. உள்ள ஒரு பெரிய தண்ணிப் பை இருக்கு, அது எப்ப வேணா முறுக்கிக்கும்."

அந்தத் தண்ணிப் பையைத்தான் காளியப்பன் ஒரு வாரமாகக் கும்பிட்டிருக்கிறார். கூட்டத்தில் ஒருவர் மூலையில் இருந்த பசுவைக் காட்டி, அப்ப இது என்ன என்றார். மாட்டுக்குச் சினை பார்க்கிற மெஷின், பண்ணையில வித்ததை வாங்கியிருப்பாரு என்றாள் கஸ்தூரி. அது மட்டும் எல்லோருக்கும் உறைத்தது. சிராப்பைக்கூட மன்னித்தார்கள், மாட்டை மன்னிக்கவில்லை. காமதேனுவைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். சத்தம் கூடியது. சுகுமாறன் சாமி, ஆத்தா கோபமாயிட்டா என்று சொல்லிக்கொண்டே பின்படி வழியாக இறங்கினார். அவருக்கு முட்டி வலி இல்லை, வேகமாகவே இறங்கினார்.

கூட்டம் கலையவில்லை. ராஜம்மா கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீயே எல்லாத்தையும் பாக்கறியே. அடுத்த ஞாயிறு சாமி எடத்துல நீ உக்கார்றியா? எனக்கு ஒரு வரிசை நம்பர் குடு."

"ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா."

"அங்க ரொம்ப நேரம் காத்துக் கெடக்கணுமே" என்றார் ராஜம்மா. அவர் அன்று காலை ஐந்தரையிலிருந்து படியில் உட்கார்ந்திருந்தவர்.

புதன்கிழமை செல்வராணிக்கு ஓப்பரேஷன் நடந்தது. மூன்று மணி நேரம் காளியப்பன் வராந்தாவில் நடந்தார். கும்பிடவும் தோன்றவில்லை, உட்காரவும் முடியவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, கட்டி ஒரு சுற்று முறுக்கிவிட்டது, ரத்த ஓட்டம் குறைந்திருந்தது, நல்ல வேளை தள்ளிப்போடவில்லை என்றார். காளியப்பன் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் செல்வராணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மைலோ குடித்தார். காளியப்பன் ஸ்டூலில் தலைகுனிந்து இருந்தார்.

"எனக்குப் பயமா இருந்துச்சு ராணி. அதான்."

"பயம் எனக்கும்தான் இருந்துச்சு" என்றார் செல்வராணி. "வலி எனக்கு மட்டும்தான் இருந்துச்சு. மூணு ஞாயிறு என்னைப் படுக்க வெச்சுட்டு டிவியையே பார்த்தீங்க. ஒரு தடவை என் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்து, வலி குறைஞ்சிருக்கான்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், குறையலன்னு."

காளியப்பன் மைலோ கப்பை வாங்கிக் கீழே வைத்தார்.

பார்வையாளர் நேரத்தில் ராஜம்மா வந்தார். கையில் பழமும் விபூதிப் பொட்டலமும். செல்வராணியின் நெற்றியில் பூசிவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "என்னதான் சொல்லு, மூணு வாரம் அங்க பூஜை பண்ணினதாலதான் ஓப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆளு கள்ளன்தான். ஆனா பூஜை பூஜைதானே?"

காளியப்பன் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். ஒரு சீனப் பெண்மணி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த கட்டிலில் ஒரு மலாய்ப் பெண்மணி மகளோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் நேத்துதான் அக்கா. இதே ஓப்பரேஷன், இதே டாக்டர். ரெண்டு பேரும் பாலோ மாடிக்கு வந்ததில்ல. எப்படி நல்லா ஆனாங்க?"

ராஜம்மா இரண்டு கட்டிலையும் பார்த்தார். அவர் முகம் கொஞ்ச நேரம் சிரமப்பட்டது. யோசிக்கிறார் என்று தெரிந்து காளியப்பன் குறுக்கே பேசாமல் காத்திருந்தார். பிறகு ராஜம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பத்து பகாட் ஊரில் ஒருவர் எக்ஸ்ரே ஃபிலிமில் ஜாதகம் பார்க்கிறாராம், பஸ் இரண்டு மணிக்கு என்றார்.

யோசிப்பதற்கு இந்த நாட்டில் யாரும் காணிக்கை கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, நம் ஆட்களுக்கு அதன் மேல் நம்பிக்கையே வருவதில்லை.